ரைட் வரைந்த வெள்ளைக் காக்கட்டூ: ஆயில் பெயிண்டில் நகலெடுப்பது எப்படி?

ஆங்கில ஓவியர் ஜோசப் ரைட் 1768-ல் வரைந்த காற்றுப் பம்பு ஓவியம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. இருட்டறை, மேசைமேல் ஒற்றை வெளிச்சம், காற்று உறிஞ்சப்படும் கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு வெள்ளைக் காக்கட்டூ, அதாவது கொண்டைக் கிளி. முழுப் படமும் வேண்டாம், குடுவையும் பறவையும் போதும்.

முதலில் கேன்வாஸின் வெள்ளையைக் கொல்லுங்கள். பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பு நிறத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, துணியால் தேய்த்துக் காயவிடுங்கள். அப்புறம் உடம்பின் சாய்வு, விரிந்த சிறகு, அவ்வளவுதான் கோட்டில் வேண்டும். இறகு எல்லாம் பிறகு.

அடுத்தது வெள்ளை. பாதிப் பேர் மாட்டுவது இங்கேதான். டைட்டானியம் ஒயிட்டை டியூபிலிருந்து அப்படியே அப்பினால் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும். அந்தக் காலத்தில் இருந்தது ஈயவெள்ளை. அது விஷம், தேடிப் போகாதீர்கள், டைட்டானியத்தில் துளி எல்லோ ஆக்கர் (மண்மஞ்சள்) கலந்தாலே அதன் குளிர்ச்சி குறையும். பறவையின் பெரும்பகுதியை ஐவரி பிளாக் கலந்த சாம்பலில் போடுங்கள், பழுப்புத் தளத்தின் மேல் அது லேசாக நீலம் தட்டும், அந்த நீலம்தான் நமக்கு வேண்டியது. வெளிச்சம் கீழே மேசையிலிருந்து வருகிறது என்பதையும் மறக்காதீர்கள். சந்தேகம் வந்தால் ஒரு வெள்ளைத் தாளைப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள், பறவை தாளைவிட நன்றாகவே மங்கியிருந்தால் சரி. சுத்த வெள்ளைக்கு இரண்டு மூன்று இடம் போதும்.

இறகுகளைச் சிறகின் ஓரத்தில் மட்டும் காட்டுங்கள். முடி மாதிரி மெல்லிய பிரஷ் வாங்கி ஒவ்வொரு இறகாக வரைவது எனக்குப் பிடிக்காத வேலை, நடுத்தரத் தட்டை பிரஷ்ஷே இதற்கு மேல்.

ஒன்று சொல்ல வேண்டும். ரைட்டின் ஆரம்ப வரைவில் இருந்தது சாதாரணப் பாடும் பறவை. அவ்வளவு விலையான காக்கட்டூவை யாரும் உண்மையில் பம்புக்குள் போட்டிருக்க மாட்டார்கள், இருட்டில் கண் போய் நிற்க ஒரு வெள்ளை தேவைப்பட்டது என்றே நினைக்கிறேன்.

பறவை நன்றாகக் காய்ந்த பிறகே கண்ணாடி. சுற்றிக் கோடு இழுக்காமல், நாலைந்து பளபளப்புப் புள்ளிகளோடு விடுங்கள்.

சேர்த்தது: கருப்புப் பகுதி காய்ந்ததும் மங்கிப்போகிறது என்று கமெண்டில் சிலர் கேட்டிருந்தார்கள். அடியில் பூசிய பர்ன்ட் அம்பர், மேலே உள்ள பெயிண்டின் எண்ணெயை இழுத்துக்கொள்ளும். தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்ததும் ஆளிவிதை எண்ணெயை மிக மெல்லியதாகத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். அந்தத் துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவையுங்கள், தானாகவே தீப்பிடிக்கக்கூடியது. வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும்.