“கால் மட்டும் நனைச்சுட்டு வர்றேன்”: மெரினாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செருப்பு, பர்ஸ், நகை பற்றியெல்லாம் வீட்டிலேயே சொல்லி அனுப்பியிருப்பார்கள். அவற்றை விட்டுவிடலாம். ஒவ்வொரு ஞாயிறும் புதிதாக வருகிறவர்கள் சலிக்காமல் செய்கிற தவறுகள் வேறு. அவற்றில் ஒன்று உயிரை வாங்கும்.

சூரியன் கடலில் மறைவதைப் பார்க்கப் போவது

வங்கக் கடல் கிழக்கே இருக்கிறது. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால், சேப்பாக்கம் பக்கம் இறங்கும்.

உதயம் பார்க்கலாம். மே கடைசியில் 5.45-க்கே சூரியன் வந்துவிடும். ஜனவரியில் 6.30 தாண்டும்.

“தொலைஞ்சா சிலைகிட்ட நில்லு”

எந்தச் சிலை? 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்த சிலைகளே பத்து வரிசையாக நிற்கின்றன: வள்ளுவர், ஔவையார், கம்பர், கண்ணகி, வீரமாமுனிவர், போப், கால்டுவெல், பாரதி, பாரதிதாசன், வ.உ.சி. இவை போக உழைப்பாளர் சிலையும் காந்தி சிலையும் உண்டு. இந்த இரண்டுக்கும் இடையே மட்டும் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். பெயரைச் சொல்லுங்கள். முடிந்தால் வந்து இறங்கியதும் குழந்தையை அந்தச் சிலையடிக்கே அழைத்துப்போய்க் காட்டிவிடுங்கள். காணும் பொங்கலன்று போலீஸ்காரர்கள் குழந்தைகளின் கையில் பெற்றோரின் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டிவிடுவார்கள். சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் அதை நீங்கள்தான் செய்ய வேண்டும். பேனாவால் தோலில் எழுதினால் வியர்வையில் அழிந்துவிடும். ஒரு துண்டுத் தாளில் எழுதி, செலோடேப் சுற்றி, மணிக்கட்டில் கட்டுங்கள்.

கால் மட்டும் நனைப்பது

மெரினாவில் குளிக்கத் தடை. இது எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் குளிக்கப் போவதாகச் சொல்வதே இல்லை, கால் நனைக்கத்தான் போகிறார்கள். முதலில் கணுக்கால், அப்புறம் முழங்கால், அப்புறம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு செல்ஃபி. போலீஸ் விசில் ஊதினால் நாலடி பின்னால் வந்து, அவர் நகர்ந்ததும் ஆறடி முன்னால் போவார்கள்.

மறுநாள் செய்தியில் “ராட்சத அலை இழுத்துச் சென்றது” என்று வரும். இந்த வரியைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. ராட்சத அலைதான் ஆளைக் கொல்லும் என்று படித்தவர், கடல் சாதுவாகத் தெரிகிற நாளில் துணிந்து இறங்குகிறார். பெரும்பாலும் நடப்பது வேறு.

மெரினாவின் கரை சரிவானது. அலை தூரத்தில் உடைந்து நுரையாக வருவதில்லை, கரையோரத்திலேயே உடைந்து விழுகிறது. விழுகிற இடத்தில் மணல் படிக்கட்டு போல் சட்டென்று இறங்கும். முழங்கால் தண்ணீரில் நிற்பவருக்கு அடுத்த இரண்டு மூன்று எட்டில் கழுத்தளவு ஆழம் இருக்கலாம். மேலே ஏறிய தண்ணீர் அந்தச் சரிவில் வேகமாகத் திரும்பும்போது உள்ளங்காலுக்கு அடியிலிருந்து மணலையும் அள்ளிக்கொண்டு போகிறது. குதிகால் புதைகிறது, உடம்பு கடல் பக்கம் சாய்கிறது. அந்த நேரம் பார்த்து அடுத்த அலை தலைக்கு மேல் விழுந்தால் எழுந்து நிற்கத் தரை கிடைக்காது. ஜீன்ஸ் பேன்ட்டோ புடவையோ நனைந்து காலில் சுற்றிக்கொண்டால் சொல்லவே வேண்டாம்.

இரண்டாவது ஆபத்து இழுப்பு. அலைகள் கரையில் கொண்டுவந்து குவிக்கும் தண்ணீர் திரும்பிப் போக ஒரு வழி தேடும். மணல்திட்டுகளுக்கு நடுவே பள்ளமான ஒரு வாய்க்கால் கிடைத்தால் அதன் வழியே ஆறு போலக் கடலுக்குள் ஓடும். அங்கே ஆழம் அதிகம் என்பதால் அலை சரியாக உடையாது, தண்ணீர் அமைதியாகத் தெரியும். புதிதாக வருகிறவர்கள், “இங்கே அலை கம்மியா இருக்கு” என்று குழந்தையோடு இறங்கும் இடம் அதுதான். இரு பக்கமும் நுரை இருக்க நடுவில் மட்டும் கருத்த தண்ணீர், கலங்கிய மணல், நுரையோ குப்பையோ கடலை நோக்கிப் போவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அந்த இடத்தை விட்டு விலகுங்கள். இன்று வாய்க்கால் இருந்த இடத்தில் அடுத்த வாரம் இருக்காது. போன முறை இங்கேதான் நின்றோம், ஒன்றும் ஆகவில்லை என்பது கணக்கில் வராது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வாடைக் காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் ஈர மணலையே தொடாதீர்கள்.

இழுப்பு யாரையும் அடியில் அமுக்காது, வெளியே கொண்டுபோகும். அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்துபவர் களைத்துப்போய் மூழ்குகிறார். வேகமான இழுப்பு நொடிக்கு 2 மீட்டரைத் தொடும், நீச்சல் வீரர்களாலேயே அதை வெல்ல முடியாது. மல்லாந்து மிதந்து ஒரு கையைத் தூக்கிக் காட்டுங்கள். நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்தி, அலை உடைகிற இடத்துக்கு வந்த பிறகு கரைக்குத் திரும்புங்கள்.

காப்பாற்றப் பாய்கிறவரும் சேர்ந்து போவதுதான் இதில் கொடுமை. கல்லூரிப் பையன்கள் கை கோத்துச் சங்கிலியாக இறங்குவார்கள், முன்னால் நிற்பவன் சறுக்கினால் மொத்தச் சங்கிலியும் சரியும். பெசன்ட் நகரில் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொள்ளும் அந்த வெள்ளை வளைவு, 1930 டிசம்பர் 30-இல் மற்றவர்களைக் காப்பாற்றப் போய் மூழ்கிய ஷ்மிட் என்ற டென்மார்க்காரரின் நினைவுச் சின்னம். கல்வெட்டைப் படிப்பவர் குறைவு. கரையிலிருந்தபடி மிதக்கிற எதையாவது வீசுங்கள்: மூடி இறுக்கிய காலி ஐந்து லிட்டர் கேன், ஃபுட்பால். ஒருவர் 112-ஐ அழைக்கட்டும். இன்னொருவர் தண்ணீரில் இருப்பவர் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் கைநீட்டிக் காட்டிக்கொண்டே நிற்கட்டும்.

கடலில் இறங்கியே தீர வேண்டுமென்றால் சென்னைக்குத் தெற்கே கோவளத்தில், சுத்தத்துக்கும் பாதுகாப்புக்கும் தரப்படும் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை இருக்கிறது. உயிர்காப்பாளர் பணியில் இருக்கும் நேரத்தில், அவர் காட்டும் எல்லைக்குள் மட்டும்.

மீட்கப்பட்டவரின் வயிற்றை அமுக்குவது

சினிமாவில் வயிற்றை அமுக்கினால் வாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சும், கதாநாயகி கண் விழிப்பாள். நிஜத்தில் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போகும். தலைகீழாகத் தூக்குவதும் வீண். மூச்சில்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சு கொடுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அமுக்கு, 2 மூச்சு. பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகம். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக்கூடாது. பிழைத்து எழுந்து உட்கார்ந்தாலும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

உச்சி வெயிலில் கூட்டத்துக்குள் சிக்குவது

2024 அக்டோபர் 6 விமான சாகச நிகழ்ச்சியன்று வந்தவர்களில் ஐந்து பேர் இறந்தார்கள். மணலில் நிழலே கிடையாது. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது எடுத்து வாருங்கள். நிகழ்ச்சி முடிவதற்குப் பதினைந்து நிமிடம் முன்பே கிளம்புங்கள், இல்லையென்றால் ஒரு மணி நேரம் கழித்து. சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் என்று மூன்று பறக்கும் ரயில் நிலையங்கள் இருக்கின்றன. எல்லோரும் பக்கத்தில் இருப்பதற்கே ஓடுவார்கள்.

பாட்டியை மணலில் நடத்திக் கூட்டிப்போவது

சாலையிலிருந்து பார்த்தால் கடல் பக்கத்தில் இருப்பது போலத்தான் தெரியும். மணலின் அகலம் சராசரியாக 300 மீட்டர், அதையே திரும்பவும் நடக்க வேண்டும். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மாற்றுத்திறனாளிகளுக்கான மரப்பாதை இருக்கிறது. அங்கே போங்கள்.

குதிரை

ஏறும் முன் பேசுங்கள். ரவுண்டுக்கு எவ்வளவு, எதுவரை போய்த் திரும்பும், போட்டோவுக்குத் தனியாகக் காசா?

மீன் வறுவல்

சிவக்க மசாலா பூசி அடுக்கியிருந்தால் மீனின் வயது தெரியாது. மசாலா தடவாத மீனைக் காட்டச் சொல்லி, செவுளைத் தூக்கிப் பாருங்கள். பழுப்பாக இருந்தால் பஜ்ஜிக் கடைக்கு நகருங்கள். அங்கே பார்க்க வேண்டியது எண்ணெயை: கறுத்து, நுரை அடங்காமல் கொதிக்கிறதென்றால் சுண்டலே போதும்.

இரவில் மொபைல் டார்ச்

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். வெளிச்சம் பட்டால் திரும்பிப் போய்விடும். அணைத்து வையுங்கள்.