சென்னையிலிருந்து பெருந்துறைக்கு: வேலைக்காகக் குடிவருகிறவர்களுக்கு

நான் தண்ணீர்ப் பரிசோதனை செய்கிறவள். வேதியியல் படித்து, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்த்துவிட்டு, கணவர், மகளோடு ஈரோடு மாவட்டம் பெருந்துறைக்கு வந்தேன். சிப்காட் என்கிற அரசுத் தொழிற்பேட்டையில் ஒரு ஆலையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பிரிவு என் பொறுப்பு. சென்னையில் என்னோடு வேலை பார்த்த பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போன் செய்து, "அக்கா, அங்க வரலாமா? வந்தா எப்படி வரணும்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். காங்கேயம், பவானி, தாராபுரம், திருச்செங்கோடு என்று இந்தப் பக்கம் எந்தச் சின்ன ஊருக்கு வந்தாலும் பெரும்பாலும் பொருந்தும்.

வேலையை ஒப்புக்கொள்ளும் முன்

சம்பளம் பேசுவதற்கு முன்னால் மேப்பைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சேரப்போகும் ஆலை நாளைக்கே மூடினால், வீட்டை மாற்றாமல் போய்வரும் தூரத்தில் உங்கள் தொழிலுக்கு வேறு எத்தனை இடம் இருக்கிறது என்று பாருங்கள். நான் பெருந்துறையைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம் இதுதான். கிழக்கே ஈரோடு, காவிரிக்கு அந்தப் பக்கம் பள்ளிபாளையம், குமாரபாளையம், வடக்கே பவானி, மேற்கே திருப்பூர். சாயம், பிராசசிங், தோல், பால், காகிதம் என்று எல்லாமே தண்ணீரை நம்பிய தொழில்கள். 2011இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, கழிவுநீரை வெளியே விடாமல் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்துவதை யாரும் தட்டிக்கழிக்க முடியாமல் போனது. என்னைப் போன்றவர்களுக்கு இங்கே தொடர்ந்து வேலை இருப்பது அதனால்தான். உங்கள் படிப்புக்கு அந்த ஒரே ஒரு கம்பெனிதான் என்றால், சம்பளம் எவ்வளவு கூட்டிக் கொடுத்தாலும் குடும்பத்தோடு வந்துவிடாதீர்கள். முதலில் தனியாக வந்து ஒரு வருடம் பாருங்கள்.

அப்புறம் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: வார விடுமுறை எந்த நாள், ஷிப்ட் மாறுமா, ஆலை வண்டி எந்த வழியாக வரும். சென்னையில் கடைசி பஸ்ஸை விட்டால் ஆட்டோ கிடைக்கும். இங்கே இரவு ஷிப்ட் முடிந்து ஆலை வாசலில் நின்றால் ஆலை வண்டிதான் கதி.

ஈரோட்டிலா, பெருந்துறையிலா

வருகிறவர்களில் பாதிப் பேர் ஈரோட்டில் வீடு எடுத்துக்கொண்டு, சுமார் 20 கிலோமீட்டர் தினமும் வந்து போகிறார்கள். நல்ல பள்ளி, பெரிய ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை எல்லாம் அங்கே என்பது காரணம். காரணம் சரிதான். ஆனாலும் வேலை பார்க்கிற ஊரிலேயே குடியிருங்கள் என்பேன். இந்த ஊர்களில் வீடு, வேலைக்கு ஆள், பால், கேஸ், பிளம்பர் எல்லாம் தெரிந்தவர் மூலமாகத்தான் நடக்கும். ராத்திரி தூங்க மட்டும் வருகிறவரை ஈரோட்டிலும் யாருக்கும் தெரியாது, பெருந்துறையிலும் தெரியாது. பெரிய ஆஸ்பத்திரி பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பெருந்துறையிலேயே இருக்கிறது.

வீட்டை ஆன்லைனில் பார்த்து அட்வான்ஸ் போடாதீர்கள். நல்ல வீடுகள் அங்கே வருவதே இல்லை. முதலில் ஒருவர் மட்டும் வந்து, ஹாஸ்டலிலோ ஒற்றை அறையிலோ தங்கி, வேலை முடிந்து தினமும் பொழுதோட, அதாவது சாயங்காலம், ஒரு தெரு நடங்கள். இந்தப் பக்கம் டீக்கடை என்றால் பேக்கரிதான். அதே பேக்கரியில் நாலு நாள் டீ குடித்துவிட்டு, "வீடு ஏதாச்சும் காலியா இருக்குதுங்களா?" என்று கேளுங்கள். மளிகைக் கடை, இஸ்திரிக்காரர், ஸ்கூல் வேன் டிரைவர், உங்கள் ஆலையின் டைம் ஆபீஸ், எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். எனக்கு வீடு கிடைத்தது மருந்துக்கடை அம்மா சொல்லித்தான். அவர் தம்பி வீட்டு மாடி.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். "எந்தூருங்க? சொந்த ஊர் எது? உங்க பக்கம் குலதெய்வம் எதுங்க?" என்று கேள்விகள் வரும். சில பேர் உண்மையிலேயே பாசத்தில் கேட்பார்கள். சில பேர் சாதியைத் தெரிந்துகொள்ளக் கேட்பார்கள். சென்னையிலும் இது உண்டு. இங்கே வாசலிலேயே கேட்பார்கள், அவ்வளவுதான். நான் ஊரையும் வேலையையும் சொல்லுவேன், அதற்கு மேல் சொல்ல மாட்டேன். அதற்காக ஒரு வீடு கை நழுவினால் போகட்டும். சாதி கேட்டுக் கொடுக்கிற வீட்டில் குடியிருப்பதும் சுகமாக இருக்காது. கறி சமைக்கலாமா என்பதை மட்டும் நீங்களே முதலில் கேட்டுவிடுங்கள்.

தண்ணீரைப் பார்த்து வீட்டைப் பாருங்கள்

இதுதான் என் துறை, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். டைல்ஸையும் கிச்சனையும் அப்புறம் பார்க்கலாம். இங்கே வீட்டுக்கு இரண்டு தண்ணீர் வரும்: குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர், போரில், அதாவது ஆழ்துளைக் கிணற்றில், வரும் உப்புத் தண்ணீர். ஆற்றுத் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது, எத்தனை மணிக்கு, உங்கள் போர்ஷனுக்குத் தனிக் குழாயா, தரைத்தொட்டி எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று கேளுங்கள். வீட்டுக்காரர் எப்போதும் "தண்ணிக்குப் பஞ்சமே இல்லீங்க அம்மிணி" என்றுதான் சொல்வார். அவர் பொய் சொல்வதில்லை, அவர் இருப்பது கீழ்வீடு. மாடியில் குடியிருந்தவரையோ எதிர்வீட்டு அம்மாவையோ கேளுங்கள்.

வீடு பார்க்கும் மாதமும் முக்கியம். கீழ்பவானி வாய்க்கால் இந்தப் பக்கம் வழியாகத்தான் காங்கேயம் வரைக்கும் போகிறது. பவானிசாகர் அணையிலிருந்து வழக்கமாக ஆகஸ்ட் 15 வாக்கில் திறந்து 120 நாள் விடுவார்கள். அணையில் இருப்பு இருந்தால் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை இன்னொரு முறை. வாய்க்கால் ஓடும்போது பக்கத்துக் கிணறும் போரும் ஊறும். அக்டோபரில் வீடு பார்த்தால் எல்லா வீட்டிலும் தண்ணீர் இருக்கும். எனவே, "வாய்க்கால் நின்ன பொறவு, மே, ஜூன்ல போர் எப்படிங்க?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் வீட்டுக்காரரும் உங்களை விவரம் தெரிந்த ஆளாக நினைத்து விவரமாகப் பேசுவார்.

தண்ணீரில் உப்புகள் எவ்வளவு கரைந்திருக்கின்றன என்று காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மோட்டாரைப் போட்டு ஐந்து நிமிடம் ஓடவிட்ட பிறகு பிடித்த தண்ணீரில் அளக்க வேண்டும். தொட்டியில் தேங்கியதில் அளந்தால் கணக்கில்லை. குடிநீரில் டிடிஎஸ்ஸுக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது அதே தர விதி. போர்த் தண்ணீர் 2000ஐத் தாண்டினால் குளிக்க, துவைக்கவே சிரமப்படுவீர்கள். சோப்பு நுரைக்காது, ஹீட்டர் காயில் வெள்ளையாகப் படிந்து கெட்டுப்போகும். மீட்டர் இல்லாவிட்டால் குளியலறைக் குழாய்களைப் பாருங்கள். வெள்ளைப் படிவு எவ்வளவு தடிப்போ, தண்ணீர் அவ்வளவு கடின நீர்.

ஆனால் மீட்டர் எல்லாவற்றையும் சொல்லாது. எவ்வளவு கரைந்திருக்கிறது என்றுதான் சொல்லும், என்ன கரைந்திருக்கிறது என்று சொல்லாது. சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமங்களில் நிலத்தடி நீர் கெட்டுப்போனதாகப் பல வருடங்களாக மக்கள் புகார் சொல்லிப் போராடி வருகிறார்கள். அந்தத் தொழிலில் இருக்கிறவளாகவே சொல்கிறேன்: அவர்கள் கவலையை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பக்கம் வீடு எடுத்தால் போர்த் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டு, தளும்பத் தளும்பப் பிடித்து மூடி, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.

வாடகை, கரண்ட்

சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய கை, இங்கேயும் கேட்டதைக் கொடுத்துவிடும். 2019இல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள், கேட்பார்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். "நமக்குள்ள எதுக்குங்க எழுத்து" என்பார்கள். "கேஸ், ஆதாருக்கு முகவரி காட்டணுங்க" என்று சொன்னால் வருத்தப்படாமல் எழுதித் தருவார்கள்.

உங்கள் போர்ஷனுக்குத் தனி மின் இணைப்பா என்று பாருங்கள். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது ஒவ்வொரு இணைப்புக்கும். சப் மீட்டர் வைத்து யூனிட் கணக்கில் வாங்குகிற வீட்டில் அது உங்களுக்கு வந்து சேராது.

என் கணவர் வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறார். அப்படிப்பட்டவர்கள் கவனிக்க: துணை மின் நிலையப் பராமரிப்புக்காகச் சில நாட்களில் காலை 9 மணிக்குப் போகிற கரண்ட் மாலைதான் வரும். முந்தின நாள் பேப்பரில் போடுவார்கள். வீடு எந்த துணை மின் நிலையத்தில் வருகிறது என்று லைன்மேனிடம் கேட்டு எழுதி வையுங்கள். சாதாரண இன்வெர்ட்டர் அத்தனை மணி நேரம் தாங்காது. வேறு துணை மின் நிலையத்தில் வருகிற நண்பர் வீடு ஒன்று இருந்தால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விடலாம்.

ஊர் மனிதர்கள்

பேச்சில் ங்க போடுவது தானாக ஒட்டிக்கொள்ளும், அதற்குத் தனியாக முயற்சி வேண்டாம். ஆனால் வேலையில், வயதில் மூத்த ஆபரேட்டரையோ பிட்டரையோ பெயர் சொல்லி அழைக்காதீர்கள். அண்ணா என்றால் அண்ணாதான். நான் அதிகாரி, அவர் தொழிலாளி என்ற கணக்கு இங்கே ஆலைக்கு வெளியே செல்லாது. ஞாயிற்றுக்கிழமை அவர் தன் தோட்டத்தில் தென்னைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருக்கும்போது நீங்கள் இளநீர் கேட்டுப் போவீர்கள்.

கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் போங்கள். அதைவிட முக்கியம், கூட வேலை செய்கிறவர் வீட்டில் சாவு என்றால் கட்டாயம் போங்கள். கேதத்துக்கு, அதாவது துக்கத்துக்கு, வந்தவரை இந்த ஊர் மறப்பதில்லை. தாமதமாக வந்தாலும் பரவாயில்லை, வாசலில் நின்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.

ஊர் நோம்பி, அதாவது கோயில் திருவிழா, சமயத்தில் பிளம்பர், எலக்ட்ரீஷியன், வீட்டு வேலைக்கு வருகிறவர் யாரும் கிடைக்க மாட்டார்கள். சித்திரை, வைகாசியில் மாரியம்மன் பொங்கல் ஊருக்கு ஊர் நடக்கும். பைப் வேலையெல்லாம் அதற்கு முன்னால் முடித்துவிடுங்கள். காய்கறிக்கு உழவர் சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினால் நல்ல கீரை இருக்காது.

போக்குவரத்தும் காகிதங்களும்

வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேர் என்றால் இரண்டு டூவீலர் வேண்டும். வாடகையில் மிச்சமாவதில் ஒரு பங்கு இதற்குப் போகும், கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூரிலிருந்தோ சேலத்திலிருந்தோ பஸ் ஏறும்போது, "பெருந்துறை உள்ள போகுங்களா?" என்று கண்டக்டரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். சேலம் - கோவை பஸ்களில் பல தேசிய நெடுஞ்சாலையிலேயே போய்விடும். ராத்திரியில் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் பெட்டியோடு இறங்கி நிற்பது குழந்தையை வைத்துக்கொண்டு முடியாது.

பள்ளி மாற்றத்தை மே மாதத்துக்குள் முடியுங்கள். டிசியோடு, கல்வித்துறைப் பதிவில் குழந்தைக்கு உள்ள எமிஸ் எண்ணையும் பழைய பள்ளியில் கேட்டு வாங்குங்கள். அது இருந்தால் புதுப் பள்ளியில் சேர்ப்பது எளிது. ரேஷன் கார்டு முகவரி ஆன்லைனிலேயே மாற்றலாம். ஓட்டுக்குப் படிவம் 8. பிஎஃப்புக்கான யூஏஎன் எண் பழையதே தொடரும், புது ஆலையில் அதைக் கொடுத்தால் போதும்.

சென்னைக்குப் போக ஈரோடு ஜங்ஷன்தான். ஏற்காடு எக்ஸ்பிரஸ் அங்கிருந்தே புறப்படும், சேரனும் நீலகிரியும் வழியில் நிற்கும். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. தீபாவளி, பொங்கலுக்கு அந்த நாளைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொண்டு, காலை 8 மணிக்கே உட்கார்ந்து போட்டுவிடுங்கள்.