ஒரே வார்த்தைய பிடிச்சுகிட்டு ஒரு நாவல படிக்கிறது எப்படி: ட்ரெஷர் ஐலண்டும் "டூட்டி"யும்

ஒரு நாவல்ல ஒரு வார்த்தை எங்கெங்க வருது, யார் வாயில வருதுன்னு தேடிப் பாக்க பெரிய படிப்பெல்லாம் வேணாம், ஒரு டெக்ஸ்ட் ஃபைலும் ஒரு சாயங்காலமும் போதும். நாம ஸ்டீவன்சனோட ட்ரெஷர் ஐலண்ட எடுத்துக்கலாம், கப்பல்ல புதையல் தேடிப் போற சாகசக் கதை, 1883-ல புக்கா வந்தது, 34 அத்தியாயம், ப்ராஜெக்ட் குட்டன்பெர்க்ங்கிற மின்நூல் வெப்சைட்ல ஃப்ரீயாவே கிடைக்கும். இன்னும் படிக்கலன்னா படிச்சிட்டு வாங்க, கீழ கதை முழுக்க உடைச்சிருக்கேன்.

ஸ்டெப் 1: வார்த்தைய தேர்ந்தெடுங்க. "கப்பல்", "கடல்" எல்லாம் வேணாம், எங்க பாத்தாலும் வரும், ஒண்ணும் தேறாது. நல்லவனும் சொல்லணும் கெட்டவனும் சொல்லணும், அப்படி ஒண்ணா பாருங்க. நான் எடுத்தது டியூட்டி, அதான் கடமை.

ஸ்டெப் 2: கண்ட்ரோல் எஃப் போட்டு தேடுங்க. இங்கதான் சறுக்கும். டிக்‌ஷனரி ஸ்பெல்லிங்ல மட்டும் தேடினா கப்பல்ல சமையல்காரனா வர்ற கொள்ளைக்காரன் லாங் ஜான் சில்வரே சிக்க மாட்டான், ஏன்னா அவன் பேசுறப்ப யு-வுக்கு பதிலா ரெண்டு ஓ போட்டு "டூட்டி"ன்னு எழுதியிருக்கார் ஸ்டீவன்சன், மாலுமிங்க பேசுற மாதிரியே (நாமளும் பேச்சுல டூட்டின்னுதான சொல்றோம்!). அதனால ரெண்டையும் தேடுங்க.

ஸ்டெப் 3: நோட்டுல நெடுக்க நாலு கட்டம் போடுங்க: அத்தியாயம், யாரு, யார்கிட்ட, எதுக்காக. மூணாவது கட்டத்த நான் முதல்ல விட்டுட்டேன், அப்புறம் எல்லாத்தையும் மறுபடி தேட வேண்டியதாப் போச்சு.

ஸ்டெப் 4: வரிசையா படிங்க. 8-ஆம் அத்தியாயத்துல சில்வர் தன்னோட சத்திரத்துல சிரிச்சுகிட்டே "டூட்டின்னா டூட்டிதான்"னு சொல்லிட்டு, அங்க நடந்தத கப்பல் முதலாளிகிட்ட சொல்லலாம் வான்னு, கதை சொல்ற பையன் ஜிம்ம கூட்டிட்டு போறான், நமக்கும் ஆள பிடிச்சுப் போயிடுது. 11-ல ஜிம் ஆப்பிள் பீப்பாய்க்குள்ள ஒளிஞ்சிருக்கான், அதே சில்வர் அதே வாக்கியத்த சொல்றான், ஆனா இப்ப கூட்டாளிங்ககிட்ட, எதிராளிங்கள கொன்னுடலாம்னு ஓட்டு போடுறதுக்கு! 14-ல டாம்னு ஒரு நேர்மையான மாலுமி, நாய் மாதிரி செத்தாலும் என் டூட்டியிலதான் சாவேன்னு சில்வர் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு திரும்பி நடக்கிறான், சில்வர் ஊன்றுகோல அவன் முதுகுல எறிஞ்சு விழ வெச்சு கத்தியால குத்திடுறான். 18-ல கேப்டன் ஸ்மோலெட், டியூட்டியில செத்தவனுக்கு பயமில்லன்னு அழுதுகிட்டிருக்கிற முதலாளிய தேத்துறார்.

ஸ்டெப் 5: எழுத உக்காந்தா 8-யும் 11-யும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஆரம்பிங்க, வாக்கியம் மாறல, கேக்குற ஆளுதான் மாறியிருக்கான்னு அங்கயே தெரிஞ்சிடும். டாம் சாவ நடுவுல வைங்க. கடைசிக்கு 33, எல்லாம் தோத்து திரும்பி வந்த சில்வர்கிட்ட கேப்டன் எதுக்குடா இங்க வந்தன்னு கேக்க, "என் டூட்டிக்கு திரும்பிட்டேன் சார்"ங்கிறான். கேப்டன் "ஆ!"ன்னதோட சரி.