தோற்கிற அணிக்குக் கைதட்டுவது எப்படி

திருகோணமலை மக்கெய்சர் மைதானத்தில் பின்னேர உதைபந்தாட்டம் என்றால் மேற்கு ஓரமாக இருங்கள். வெயில் முதுகில் படும். எதிர்ப்பக்கம் இருந்தால் கண்கூசி, வாங்கின கோலும் தெரியாது (அதுவும் ஒரு நிம்மதிதான்). சூடான கச்சான் காற்றுக் காலத்தில் ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர் வேண்டும்.

நம்பிக்கையைக் கணக்குப் பார்த்தே வையுங்கள். வெற்றிக்கு 3 புள்ளி என்பதால் மிச்ச ஆட்டங்களை 3ஆல் பெருக்கி, கையிலுள்ள புள்ளியைக் கூட்டுங்கள். 2 ஆட்டம் மிச்சம், 1 புள்ளி கையில்: உச்சம் 7. அடுத்த சுற்றுக்கான கடைசி இடத்திலுள்ள அணி இப்போதே 8 எடுத்திருந்தால் கதை முடிந்தது. 7 என்றால் மட்டும் கோல் வித்தியாசத்தை (அடித்த கோலில் வாங்கின கோலைக் கழித்தது) பாருங்கள். சமநிலைக்கு 1 புள்ளிதான் என்பதை மறந்துதான் பலர் வீணாக ஏங்குகிறார்கள்.

கடைசிப் பத்து நிமிடத்தில் எழும்பிப் போகாதீர்கள். கால் களைத்து, கோல் விழுவது அப்போதுதான். பெரும்பாலும் எங்கட வலைக்குள்.