எல்க் தேடும் வில் வேட்டைக்காரர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் செப்டம்பர் முதல் வாரம். வில் வேட்டைக்கு அனுமதி தொடங்கியிருக்கும். எல்க் என்னும் பெரிய மானினத்தின் ஆண்களோ பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. இணைசேரும் பருவம் உச்சத்துக்கு வருவது இரவும் பகலும் சமமாகும் நாளை ஒட்டித்தான். காடு அதிரும்படி அவை கூவுவது அப்போதுதான். அதற்கு முன்பே மலையேறுகிறவருக்குக் கண்தான் துணை. மண்ணையும் மரத்தையும் சேற்றையும் படித்து ஆண் எல்க் இருக்கும் இடத்தைக் கண்டாக வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். ‘இங்கே எல்க் வந்ததா?’ என்று பார்க்கிறார்கள், ‘எப்போது வந்தது?’ என்று பார்ப்பதில்லை.

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் ஆஸ்பென் மரத்தோப்பு. வெள்ளைத் தண்டுகளில் ஆள் உயரத்துக்குக் கருத்துத் தடித்த வடுக்கள் இருக்கும். கொம்பு உரசிய அடையாளம் என்று நம்பி அங்கேயே நாள்கணக்கில் காத்துக் கிடப்பார்கள். அவை பல் பட்ட வடுக்கள். பனிக்காலத்தில் தீனி அருகும்போது எல்க் ஆஸ்பென் பட்டையைத் தின்னும். மேல்தாடையில் வெட்டுப்பற்கள் கிடையாது. கீழ்ப்பற்களை உளிபோல வைத்து மேல்நோக்கிச் சுரண்டும். அந்தக் காயம் ஆறிக் கருத்து, மரம் இருக்கும்வரை தெரியும். அந்த வடுக்களால் பனிக்காலத்தில் மான்கள் தங்கிய இடம்தான் தெரியவருமே தவிர, இன்றைக்கு அவை நிற்கும் இடம் அல்ல. வேட்டை தொடங்கும் நாட்களில் அவை பெரும்பாலும் இன்னும் உயரத்தில்தான் இருக்கும்.

கொம்பு உரசிய மரம் வேறு மாதிரி. ஆகஸ்டில் கொம்பைப் போர்த்தியிருக்கும் மென்தோல் உரியத் தொடங்கியதும், இளம் பைன், ஸ்ப்ரூஸ் மரங்களை ஆண் எல்க் முட்டி உரசிச் சிதைக்கும். பட்டை நாராகத் தொங்கும். நெஞ்சுயரக் கிளைகள் முறுக்கி ஒடிக்கப்பட்டிருக்கும். முழங்கால் உயரத்திலேயே முடிந்துவிட்டால் அது எல்க்கைவிடச் சிறிய மியூல் மானின் வேலையாக இருக்கலாம். அருகே போய் விரலால் தொட்டுப் பாருங்கள். பிசின் ஒட்டுகிறதா? கீழே கிடக்கும் பட்டைச் சீவலின் உட்புறம் ஈரமாக இருக்கிறதா? ஒடிந்த கிளையில் இலை பச்சையாக இருக்கிறதா? பிசின் இறுகி, மரம் சாம்பல் பூத்திருந்தால் அது போன ஆண்டினுடையது.

அண்மையில் உரசிய மரமும் ஏமாற்றும். மென்தோல் உரியும் நாட்களில் ஆண் எல்க்குகள் சேர்ந்தே மேயும். செப்டம்பர் பிறந்ததும் கூட்டம் பிரிந்து, ஒவ்வொன்றும் பெண் எல்க்குகளைத் தேடிப் போய்விடும். மூன்று வாரத்துக்கு முந்தைய உரசலை நம்பி உட்கார்ந்தால், காலியான வீட்டு வாசலில் காத்திருப்பதாகத்தான் ஆகும். அப்படிப்பட்ட இடத்தில் நான் பெண், கன்று தடங்களைத்தான் தேடுவேன். அவை புதிதாக இருந்தால் ஆண் தொலைவில் இருக்காது.

தடத்திலும் குழப்பம் உண்டு. அரசு வனங்களில் கோடை முழுக்க மாடுகள் மேயும். எல்க் குளம்புத் தடம் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். வளராத மாட்டின் தடமும் அந்த அளவுதான். மாட்டுத் தடம் வட்டமாக அகன்றிருக்கும். எல்க் தடம் சற்று நீண்டு, முன்பக்கம் குறுகும்.

எல்க்கின் புழுக்கையும் கோடையில் மணிமணியாக விழுவதில்லை. பசும்புல் தின்பதால் ஒட்டிச் சேர்ந்து சாணம்போலக் கிடக்கும். மினுமினுப்பைப் பார்த்துப் புதியது என்று முடிவு கட்டாதீர்கள். பிற்பகல் மழை பழைய புழுக்கைக்கும் பளபளப்பு ஏற்றிவிடும். குச்சியால் பிளந்து பாருங்கள்: உள்ளே பச்சையாகக் குழைந்திருந்தால் புதியது, பழுப்பாக உதிர்ந்தால் பழையது.

எனக்கு எல்லாவற்றிலும் மேலான அடையாளம் சேற்றுக்குழிதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் மிளா சேற்றில் புரள்வதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஊற்றுக் கசியும் இடத்தில் ஆண் எல்க் கொம்பால் மண்ணைக் கிளறும், சிறுநீர் கழிக்கும், அதிலேயே புரளும். ஒருமுறை ஸ்ப்ரூஸ் நிழலில் கட்டில் அளவுக் குழி ஒன்றைக் கண்டேன். நீர் பால் கலந்த தேநீர் நிறத்தில் கலங்கியிருந்தது. கரையோரப் புல்லில் தெறித்த சேறு காயவில்லை. மாட்டுத் தொழுவத்தையும் மிஞ்சிய வாடை. குழியை விட்டு ஏறிய தடத்தின் விளிம்பிலிருந்து மண் இன்னும் பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. நாள்பட்ட குழியில் நீர் தெளிந்து, அடியில் மண் படிந்து, மேலே ஊசியிலைகள் மிதக்கும்.

இப்படி ஒன்று கிடைத்ததும் மகிழ்ச்சியில் கரையைச் சுற்றி நடந்து பார்ப்பதும் படம் எடுப்பதும்தான் பெரிய தவறு. காலடி வாடை அங்கே தங்கிவிடும்; எல்க்கின் மூக்குக்கு அது போதும். தொலைவில் நின்று படித்துவிட்டு விலகுங்கள். விலகும் திசையைக் காற்றுதான் முடிவு செய்ய வேண்டும். விடியற்குளிரில் சரிவுக் காற்று கீழிறங்கும். வெயில் ஏறியதும் மேலேறும். வெப்பமான நண்பகலிலும் பிற்பகலிலும் எல்க்குகள் குழிக்கு வரும். ஆகவே குழிக்கு மேலே, அம்பு தவறாத 30 கஜத்துக்குள், மரத்தை முதுகுக்குக் கொடுத்து உட்காருங்கள். சரிவில் நிழல் விழுந்து, பிடரியில் குளிர்ந்த காற்று படத் தொடங்கியதும், குழிப்பக்கம் போகாமல் எழுந்து வந்துவிடுங்கள்.