பேரப்பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

"கணுக்கால் தண்ணியிலதானே நிக்கிறான், பயம் ஒண்ணுமில்ல." மெரினாவிலோ பெசன்ட் நகரிலோ எந்த ஞாயிறு மாலை போனாலும் ஒரு தாத்தாவோ பாட்டியோ இப்படிச் சொல்வதைக் கேட்கலாம். முதல் தவறே இதுதான். இங்கே கரையை ஒட்டியே தரை சட்டென்று சரிகிறது. ஒரு பெரிய அலை வந்தால் கணுக்கால் தண்ணீர் பிள்ளையின் இடுப்புக்கு மேல் ஏறிவிடும். ஏறி வரும் அலையைவிடத் திரும்பிப் போகும் அலைதான் மோசம். காலடி மணலை அரித்துக்கொண்டே போகும்; நான்கு வயதுப் பிள்ளையால் நிற்கவே முடியாது. கையைப் பிடித்திருப்பவருக்கும் முழங்கால் வலி என்றால் இரண்டு பேரும் சேர்ந்துதான் விழுவார்கள்.

அதனால் அலையில் கால் நனைப்பதை அப்பாவோ சித்தப்பாவோ பார்த்துக்கொள்ளட்டும். பெரியவர்கள் மணல்வீடு கட்டும் பக்கம் இருக்கலாம். ஈர விரல் வழுக்கும், மணிக்கட்டைப் பிடியுங்கள். போட்டோவுக்காகக் கடலுக்கு முதுகு காட்டி நிற்கவே நிற்காதீர்கள்.

அடுத்தது, பிள்ளைகளுக்கென்று அமைதியான இடத்தைத் தேடுவது. இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைக்க, நடுவில் மட்டும் தண்ணீர் சும்மா கிடப்பதுபோல் தெரியும். கரைக்கு வந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பி ஓடும் பாதை பல சமயம் அதுதான். பெரிய ஆளையே இழுத்துப் போகும். யாராவது சிக்கினால் பின்னாலேயே குதிக்காதீர்கள். மிதக்கும் கேன், பந்து, எது கிடைத்தாலும் அவர் பக்கம் வீசிவிட்டு மீனவர்களையும் உயிர்காப்பாளர்களையும் கூப்பிடுங்கள், 112க்கு அடியுங்கள்.

பத்துப் பேராகப் போனால் பாதுகாப்பு என்று நினைப்பதும் தவறு. எல்லோரும் பார்க்கிறார்கள் என்றால் யாரும் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூழ்கும் பிள்ளை கத்தாது, கை ஆட்டாது. மூச்சுக்குத் திணறும்போது குரல் எப்படி வரும்? இந்தப் பிள்ளைக்கு இன்னார் என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். அவர் கையில் செல்போன் இருக்கக் கூடாது. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள்.

வெளிர் நீலச் சட்டை தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. ஆரஞ்சு, சிவப்பு போட்டுவிடுங்கள். கிழக்குக் கரை என்பதால் காலையில் சூரியன் நேர் எதிரே கூசும், அலையில் நிற்கும் பிள்ளை வெறும் நிழலாகத்தான் தெரியும். நாலரை மணிக்கு மேல் போனால் வெயில் முதுகுப் பக்கம் வந்துவிடும், கடல்காற்றும் இருக்கும். இருட்டுவதற்குள் தண்ணீரை விட்டு வந்துவிட வேண்டும்.

சொறிமீன் பட்டால் மணலைப் போட்டுத் தேய்க்காமல் கடல்நீராலேயே கழுவுங்கள். சுண்டல், மாங்காய் எல்லாம் சாப்பிடட்டும். குடிதண்ணீர் மட்டும் வீட்டிலிருந்து வரட்டும்.

கூட்டத்தில் தொலைந்தால் எங்கே சந்திப்பது என்று பலூன் கடையைக் காட்டாதீர்கள், அது இடம் மாறும். உழைப்பாளர் சிலை, காந்தி சிலை என்று நகராத ஒன்றைச் சொல்லிவையுங்கள். காணும் பொங்கலன்று மெரினாவில் போலீசாரே பிள்ளைகள் கையில் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டிவிடுகிறார்கள். மற்ற நாளில் அதை நாம்தான் செய்ய வேண்டும். தொலைந்த பிள்ளையிடம் "தாத்தா பேர் என்ன?" என்று கேட்டால் "தாத்தா" என்றுதான் சொல்லும்.