வேகவைக்காத பரங்கிக்காய் சாலட்

பரங்கிக்காயைச் சாம்பாரிலும் கூட்டிலும் மட்டுமே பார்த்தவர்களுக்கு, அதைப் பச்சையாகவும் சாப்பிடலாம் என்பது புதிதாக இருக்கலாம். தாராளமாகச் சாப்பிடலாம், கேரட் துருவலைப் போல இனிப்பாக இருக்கும். ஆனால் துருவ வேண்டும், உப்புப் போட்டு ஊறவைத்துப் பிழிய வேண்டும். இந்த இரண்டையும் விட்டால் வாயில் சக்கையாக நிற்கும்.

தேவையானவை (4 பேருக்கு)

தோலும் விதையும் நீக்கிய பரங்கிக்காய் 400 கிராம் (கடையில் 600 கிராம் அளவுக்கு ஒரு கீற்று வாங்கினால் சரியாக வரும்), உப்பு முக்கால் டீஸ்பூன், எலுமிச்சைச் சாறு 2 டேபிள்ஸ்பூன், வறுத்து ஒன்றிரண்டாக உடைத்த வேர்க்கடலை 3 டேபிள்ஸ்பூன், தேங்காய்த் துருவல் 3 டேபிள்ஸ்பூன், பச்சை மிளகாய் 1, இஞ்சி அரை அங்குலம், கொத்தமல்லி ஒரு கைப்பிடி. தாளிக்க நல்லெண்ணெய் 2 டீஸ்பூன், கடுகு அரை டீஸ்பூன், கறிவேப்பிலை.

தயிர், தேன் எதுவும் இதில் இல்லை என்பதால் வீகன் உணவு முறையில் (விலங்குகளிடமிருந்து வரும் எதையும் சேர்க்காத முறை) இருப்பவர்களும் சாப்பிடலாம்.

காய் வாங்கும்போது

நன்றாக முற்றிய காய்தான் வேண்டும். தோலில் நகம் இறங்கக் கூடாது. சதை ஆழ்ந்த ஆரஞ்சு நிறத்தில் இருக்க வேண்டும். பிஞ்சில் தண்ணீர்தான் அதிகம், இனிப்பு இருக்காது. வெட்டி வைத்த கீற்று என்றால் விதைப் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், வழவழவென்று இருந்தால் வேண்டாம். நீண்ட கழுத்துள்ள பட்டர்நட் வகை கிடைத்தால் இன்னும் நல்லது. அதன் கழுத்துப் பகுதியில் விதையே இல்லை, துருவ வசதி.

செய்முறை

1. வெட்டுவதற்கு முன்பே தோலைத் தேய்த்துக் கழுவுங்கள். இது வேகப்போவதில்லை, தோலில் உள்ள மண்ணைக் கத்தி சதைக்குள் கொண்டுபோய்விடும்.

2. விதையையும் நாரையும் கரண்டியால் வழித்து எடுத்துவிட்டுத் தோலைச் சீவுங்கள். காயின் பால் கையில் ஒட்டிக் காய்ந்து தோலை இழுக்கும். முன்னதாகக் கையில் ஒரு சொட்டு எண்ணெய் தடவிக்கொண்டால் ஒட்டாது.

3. ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். குக்கர்பிட்டாசின் என்ற நச்சுப் பொருளின் கசப்பு அது. வேகவைத்தாலும் போகாது, எலுமிச்சை பிழிந்தாலும் போகாது, வயிற்றைக் கெடுத்துவிடும். அபூர்வமாகத்தான் கசக்கும், ஆனாலும் இந்தப் படியை எப்போதும் விடாதீர்கள்.

4. துருவியின் பெரிய கண்ணில் துருவுங்கள். சின்னக் கண்ணில் துருவினால் கூழாகிவிடும். தோல் சீவியால் நாடா நாடாவாகவும் சீவலாம்.

5. உப்பைத் தூவிப் பிசிறி 15 நிமிடம் வையுங்கள். விறைப்பாக இருந்த துருவல் துவண்டு, அடியில் மஞ்சள் நீர் தேங்கும். கைப்பிடி கைப்பிடியாக எடுத்து இறுக்காமல் பிழியுங்கள். பச்சை வாடையும் இதோடு குறையும். அந்த நீரைச் சாம்பாரில் ஊற்றிக்கொள்ளலாம். அதில் உப்பு இருப்பதால் சாம்பாருக்கு உப்பைக் குறையுங்கள்.

6. எலுமிச்சைச் சாறு, பொடியாக நறுக்கிய மிளகாய், இஞ்சி சேர்த்துக் கலந்து 5 நிமிடம் விடுங்கள். இப்போது ருசி பார்த்த பிறகே, தேவைப்பட்டால் உப்புப் போடுங்கள்.

7. எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்து, ஆறவிட்டு ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் துருவல் அங்கங்கே வெந்து குழையும். எண்ணெயே வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள்: பரங்கியின் ஆரஞ்சு நிறத்துக்குக் காரணமான பீட்டா கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடலில் நன்றாகச் சேரும்.

8. தேங்காய், வேர்க்கடலை, கொத்தமல்லியைப் பரிமாறும்போதுதான் கலக்க வேண்டும். முன்கூட்டியே போட்டால் கடலை நமத்துவிடும்.

தேங்காய் கலந்த பிறகு ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடியுங்கள். மறுநாளைக்கு வேண்டுமென்றால் ஆறாம் படியோடு நிறுத்தி, மூடி ஃபிரிட்ஜில் வைத்து, எடுக்கும்போது தாளித்துக்கொள்ளுங்கள்.